நம் வட்டாரத்தின் நிலமும் ஜனமும்

(காட்டுப்பாக்கத்தில் பஞ்சாயத்துப் பணியாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



இன்று நான் பேசவேண்டிய விஷயம் நம் வட்டாரத்தின் பூகோளமும் ஜனத்தொகையும். இதைக் கேட்டவுடன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உரிய பாடத்தை நரைத்த தலைகளுக்கு நடத்த வந்திருக்கிறாரே என்று சிலர் தமக்குள் நகைத்திருக்கலாம். கறவை மாட்டுக் கடனைப் பற்றிப் பேசினாலும், விதை நெல்லைப் பற்றிப் பேசினாலும் கையோடு கொண்டுபோக ஏதேனும் கிடைக்குமே என்று எண்ணுவதில் தவறும் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். 15ஆவது நிதிக் குழு, உள்ளாட்சி மன்றங்களுக்கு உரிய மானியத்தை மாநிலங்களிடையே பங்கிட முற்பட்டபோது, ஜனத்தொகைக்கு நூற்றுக்கு 90 பங்கும் நிலப்பரப்புக்கு 10 பங்கும் நிறை வைத்தது. எத்தனை பேர், எவ்வளவு நிலம் என்ற இரண்டே கேள்விகள். அந்த ஜனத்தொகையும் 2011ஆம் ஆண்டு எடுத்த கணக்கு. 2011க்குப் பிறகு நம் ஊர்களில் எத்தனை நெல் வயல்கள் வீட்டு மனைகளாயின என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்மனைகளில் குடியிருப்போருக்குக் குடிதண்ணீர் தரவேண்டியவர் யார்? அவர்கள் தெருவில் விளக்கு எரியச் செய்யவேண்டியவர் யார்? பஞ்சாயத்தார்தாம். ஆனால் அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. பூகோளமும் ஜனத்தொகையும் பள்ளிப் பாடமல்ல என்று நான் கருதுவது இதனால்தான்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து 1997ஆம் ஆண்டு திருவள்ளூர் ஜில்லா பிரிந்தது. மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் குன்றுகள். கிழக்கே பழவேற்காட்டு உப்பங்கழியும் வங்கக் கடலும். இவற்றினிடையே மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கிச் சரியும் சமவெளி. திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து நமக்கு வந்தது 1960ஆம் ஆண்டில் என்பதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம் ஆகிய மூன்றும் இச்சமவெளியில் ஓடும் ஆறுகள். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்துதான் கூவத்துக்குத் தண்ணீர் வருகிறது. மூன்றும் ஜீவநதிகள் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். ஆகையினால்தான் நம் முன்னோர் இந்த ஜில்லாவை ஏரிகளால் நிரப்பினர்.

நிர்வாகப் பிரிவுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு பட்டியலை மட்டும் உற்றுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 2019 டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தபோது இந்த ஜில்லாவில் 14 பஞ்சாயத்து யூனியன்களும் 526 கிராமப் பஞ்சாயத்துகளும் இருந்தன. கும்மிடிப்பூண்டி யூனியனில் 61 பஞ்சாயத்துகள், மீஞ்சூரில் 55, எல்லாபுரத்தில் 53. நம் பூவிருந்தவல்லி யூனியனில் 28. வில்லிவாக்கத்தில் 13. புழலில் 7! நகரத்தை நெருங்க நெருங்க எண் ஏன் தேய்கிறது? சென்னை மாநகராட்சி 2011ஆம் ஆண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 கிராமப் பஞ்சாயத்துகளும் அதனுள் அடங்கின. நொளம்பூர், நெற்குன்றம், காரம்பாக்கம் எல்லாம் அதற்கு முன்பு கிராமப் பஞ்சாயத்துகளே. 2018இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் முதலிய பகுதிகள் சென்னை ஜில்லாவுக்கே மாறின. 2019இல் ஆவடி மாநகராட்சியாயிற்று. கிழக்கிலும் வடக்கிலும் நகரம் நம் வரப்புக்கு அருகில் வந்து நிற்கிறது என்பதே இதன் பொருள். இதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல நான் வரவில்லை.

இனி நம் வட்டாரம். பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பழைய சாலையின்மேல், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையில் நாம் இப்போது கூடியிருக்கும் காட்டுப்பாக்கம் இருக்கிறது. வெளியூர் நண்பர்கள் சிலர் காட்டுப்பாக்கம் என்றதும் கால்நடை ஆராய்ச்சி நிலையம் எங்கே என்று கேட்பதுண்டு. அது செங்கற்பட்டுப் பக்கம் பொத்தேரிக்கு அருகிலுள்ள வேறொரு காட்டுப்பாக்கம். நம் ஊர் மாட்டுக்கு இப்போது மேய்ச்சலே இல்லை; ஆராய்ச்சி எதற்கு என்று ஒரு விவசாயி அன்பர் வேடிக்கையாகச் சொன்னார்.

வடக்கே கூவம் ஓடுகிறது. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரியின் மிகுதி நீரைச் சுமந்துகொண்டு அடையாறு ஓடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மேடும் பள்ளமும்தான் நம் வட்டாரம். கண்ணுக்குச் சமவெளியாகத் தோன்றும். மழை பெய்தால்தான் எது மேடு, எது பள்ளம் என்று தெரியும். மேல்மண் வண்டலும் களியும். அதன் அடியில் பல இடங்களில் பழங்காலத்துக் களிப்பாறை. நிலவியல் அறிஞர்கள் இதை ஸ்ரீபெரும்புதூர்ப் படிவு என்று அழைப்பர். அந்தப் பாறையில் கிணறு வெட்டினால் ஊற்று மெலிந்தே வரும். ஆழ்துளை இறக்கி ஏமாந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கக்கூடும். நிலத்தடியை நம்ப முடியாத ஊரில் மழைநீரை நிலத்தின் மேலேயே தேக்கவேண்டும் என்பதைப் படித்த பட்டம் எதுவும் இல்லாமலே நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஊர்ப் பெயர்களே இதற்குச் சாட்சி. தாங்கல் என்றால் சிறு ஏரி. ஐயப்பன்தாங்கல் என்னும் பெயரைச் சொல்லும் பேருந்துப் பிரயாணிகளில் எத்தனை பேருக்கு அங்கே நீர் தங்கியது நினைவுக்கு வருகிறது? பாக்கம், சேரி, குப்பம், நல்லூர், சாவடி என்று நம் ஊர்ப் பெயர்கள் முடிகின்றன. சாவடி என்று முடிந்தால் அங்கே வழிப்போக்கர் தங்கினர் என்று கொள்ளலாம். நெடுஞ்சாலை ஓர ஊர்களுக்கே அப்பெயர் பொருந்தியிருப்பதைக் காணுங்கள். பெயர்களைப் பிடித்துக்கொண்டே ஓர் ஊரின் பூகோளத்தை ஓரளவு எழுதிவிடலாம். இப்போது தோன்றும் நகர்களுக்கு மனை விற்றவர் பெயரோ அவர் மகளின் பெயரோதான் வைக்கப்படுகிறது. அதிலிருந்து பிற்காலத்தவர் எந்தப் பூகோளத்தை அறிவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

செம்பரம்பாக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதன் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆயக்கட்டு விவசாயத்துக்காக அமைந்த அந்த ஏரி இன்று சென்னையின் குடிநீர்த் தேக்கங்களுள் ஒன்று. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் அங்கே 2007இல் திறக்கப்பட்டது. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாகவும் அதற்குத் தண்ணீர் வருகிறது. பூண்டி நீர்த்தேக்கம், சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கி 1944இல் முடிந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளிலும் நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பெரிய ஏரியைப் பற்றி விசாரணைகளும் கட்டுரைகளும் ஏராளமாக வந்துவிட்டன. நான் நினைப்பது சின்ன ஏரிகளை. ஒரு கிராமத்தின் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாய் வழியே அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லவேண்டும். அதுவே அந்த ஊருக்கு வரத்துக் கால்வாய். ஒரு சங்கிலியைப்போல இவை கோத்திருந்தன. நடுவில் ஒரு கண்ணியை மனையாக்கி விற்றால், மேலூர்த் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள் போகும். அன்று நம் வட்டாரத்தில் முழங்கால் தண்ணீர் நின்ற தெருக்களைக் கிராமப் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தெருவின் அடியில் ஒரு வாய்க்கால் புறம்போக்கு எண் இருந்தால் வியப்படையாதீர்கள்.

புலப்படம் என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. ஒரு வட்டாரத்தின் நிலத்தையும் ஜனத்தையும் சேர்த்து எழுதிவைப்பது இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். ஆற்காட்டு நவாப் 1763ஆம் ஆண்டு செங்கற்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். இது எப்பேர்ப்பட்ட பூமி, எவ்வளவு விளையும் என்று அறிய விரும்பிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை நியமித்தது. அவர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரிலும் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எத்தனை காணி, தோப்பு எத்தனை காணி, எத்தனை வீடுகள், எந்தெந்தத் தொழிலார் என்று எழுதினார். விளைச்சலில் கோயிலுக்கும், கணக்கனுக்கும், வண்ணாருக்கும், தச்சருக்கும், ஏரி மராமத்துக்கும் ஒதுக்கிய பங்குகளும் அந்தக் கணக்குகளில் வருகின்றன. கிராமக் கணக்கர்களின் ஓலைச் சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் இருக்கிறது. காந்தியவாதியான தரம்பாலும், பின்னர் ஜே. கே. பஜாஜ், எம். டி. சீனிவாஸ் ஆகிய அறிஞர்களும் இவற்றை ஆராய்ந்து வெளிப்படுத்தினர்.

கம்பெனியார் வரி வசூலுக்காகத்தான் எண்ணினார்கள். நம்மீது அன்பினால் அல்ல. அது போகட்டும். அவர்களுக்குப் பதில் சொல்லமுடிந்த ஊர்கள் இங்கே இருந்தன என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் ஏரி எத்தனை காணி என்றும், அதைப் பழுதுபார்க்க எந்தப் பங்கு உண்டு என்றும் ஊர் அறிந்திருந்தது. பரம்பரைக் கர்ணம் உத்தியோகம் 1980இல் ஒழிந்தது, ஒழிந்தது சரியே. அந்தப் பதவியோடு, கணக்கு ஊரார் அறியவேண்டியது என்ற எண்ணமும் போய்விட்டதோ என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. அடங்கலையும் அ-பதிவேட்டையும் தாலுகா கச்சேரியின் சொத்தாகவே பலர் கருதுகிறார்கள்.

ஜனத்தொகைக்கு வருகிறேன். 2001ஆம் ஆண்டு திருவள்ளூர் ஜில்லாவின் ஜனத்தொகை 27,54,756. 2011இல் 37,28,104. பத்தே ஆண்டுகளில் நூற்றுக்கு 35 பேர் கூடினர். அன்றைய எல்லைக்குள் அம்பத்தூரும் திருவொற்றியூரும் இருந்தன என்பதை நினைவில் கொள்ளவேண்டும். நூற்றுக்கு 65 பேர் நகரவாசிகள். எழுத்தறிவு நூற்றுக்கு 84. ஆயிரம் ஆண்களுக்கு 987 பெண்கள். மாநிலம் முழுவதற்கும் இது 996. பிறப்பினால் மட்டும் இப்படி ஜனத்தொகை ஏறுவதில்லை. வேலை தேடி வந்தவர்களால் ஏறியது. ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, பிறகு திருமழிசைத் தொழிற்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள் என்று மேற்கு நோக்கி வேலை நகர்ந்துகொண்டே வந்தது. வேலையின் பின்னால் ஜனம் வந்தது.

ஜனங்கள் வந்து குவிவது ஒரு சங்கடம் என்றால், போய்விடுவது அதனினும் பெரிய சங்கடம். ரஷ்ய தேசத்தில் நம் தாலுகாவைப் போன்ற பிரிவை ராயோன் என்கிறார்கள். பரப்பில் நம் ஜில்லாவை விடப் பெரிய ராயோன்களும் அங்கே உண்டு, காடும் வயலும் ஆறும் நிறைய, ஆள்தான் இல்லை. 2002ஆம் ஆண்டு அங்கே கணக்கெடுத்தபோது சுமார் 1,55,000 கிராமங்களில் 13,000க்கு மேற்பட்டவற்றில் ஒருவர்கூடக் குடியிருக்கவில்லை. 2010இல் ஆளில்லாத கிராமங்கள் 19,000ஐத் தாண்டின. இளைஞர்கள் பட்டணம் போனார்கள்; பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் மூடப்படும்; பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் இளம் தம்பதிகள் தங்கமாட்டார்கள்; கிழவிகள் மட்டும் மிஞ்சுவார்கள்; அவர்களும் கண்மூடினால் கிராமம் படத்தில் ஒரு பெயர். அங்கே ஜனம் இல்லாத கிராமங்கள். இங்கேயோ, கிராமத்தின் கணக்கில் ஏறாத ஜனம். பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத ஊரும், ஆள் இருந்து பெயர் ஏறாத ஊரும், பணம் பங்கிடுகிறவன் முன்னால் ஒன்றுபோலவே நிற்கின்றன.

பத்தாண்டுக்கு ஒருமுறை வரவேண்டிய கணக்கெடுப்பு 2021இல் கொரோனாவினால் நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியை ஆதார நாளாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூன் மாதம் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் வீட்டுப் பட்டியல். 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கு. 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லா ஜாதிகளையும் பற்றிய கேள்வியும் இதில் உண்டு. 16 ஆண்டுகளுக்குப் பிறகு வரும் இந்த ஒரு வாய்ப்பு கைநழுவினால், நம் ஊர்களின் தண்ணீரும் விளக்கும் இன்னும் ஒரு பத்தாண்டு பொய்க் கணக்கின்மேல் ஓடும்.

எங்கே தவறும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணக்கெடுப்பாளருக்குச் சுமார் 650 முதல் 800 பேர் கொண்ட ஒரு வட்டம் ஒதுக்கப்படும். புதிதாக முளைத்த நகரில் மூன்று தெருக்கள் அவருடைய படத்தில் இல்லாவிட்டால் அந்த மூன்று தெருக்களும் உலகத்திலேயே இல்லை. இது முதல் ஆபத்து. இரண்டாவது, வாடகைக் குடித்தனக்காரர். 'நாங்கள் திருவண்ணாமலைக்காரர், ரேஷன் அட்டை அங்கேதான் இருக்கிறது' என்று சொல்லி விலகிக்கொள்வார்கள். ரேஷன் அட்டை எங்கே இருந்தாலும், வாக்கு எங்கே இருந்தாலும், வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் எண்ணப்பட வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிகள் பகலில் பூட்டிய கதவாகவே தெரிவார்கள். அந்த அறையின் சொந்தக்காரர் வாடகை வாங்கத் தெரிந்தவர். எட்டுப் பேர் என்று கணக்குச் சொல்லவும் அவருக்குத் தெரியவேண்டும்.

மூன்றாவது, நம் தாய்மார்கள். விடியலில் மாட்டுக்குத் தீவனம் வைத்து, பகலில் நாற்று நட்டு, மாலையில் கீரை கட்டிச் சந்தைக்கு அனுப்புகிற அம்மாளைப் பற்றி வீட்டுக்காரரைக் கேட்டால், 'சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கணக்கில் அந்த அம்மாள் வேலை செய்யாதவர். விவசாயிகளுக்கு இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. எத்தனை பேர் உழவர், எத்தனை பேர் விவசாயக் கூலிகள் என்று எழுதப்படுவதைக் கொண்டுதான் இந்த ஊரில் இன்னும் விவசாயம் இருக்கிறதா என்று மேலிடத்தில் தீர்மானிக்கிறார்கள். 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல், முழுநேர ஆண் உழைப்பாளிகளில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத தொழிலிலும் இருந்தால், கணக்கெடுப்புத் துறை அந்த ஊரை நகரம் என்று எழுதிக்கொள்ளும்.

இதைக் கேட்டுப் பயப்படவேண்டாம். அப்படி எழுதியதனாலேயே பஞ்சாயத்து கலைந்துவிடாது. நகராட்சியாக்குவதும் மாநகராட்சியோடு சேர்ப்பதும் மாநில அரசாங்கத்தின் தனி உத்தரவு. சேர்த்தால் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் சீராக வரலாம், வரியும் ஏறலாம், ஊரக வேலைத் திட்டத்தில் கூலி பெறுகிறவர்களுக்கு அது இல்லாமற்போகும். இரண்டு பக்கமும் பேச இடமுண்டு. கிராம சபையில் அதைப் பேசுங்கள். ஆனால் கையில் எண்ணும் படமும் இல்லாமல் பேசுகிறவன் பேச்சு அதிகாரிகளின் காதில் ஏறாது. நானும் ஓர் அதிகாரி; அனுபவத்தில் சொல்லுகிறேன்.

'உண்மையைச் சொன்னால் பட்டாவுக்கு வில்லங்கம் வருமோ, சலுகை போய்விடுமோ' என்ற அச்சமும் ஊர்களில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனி மனிதர் கொடுக்கும் விவரம் இரகசியம். அதை வேறு இலாகா பார்க்க முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இதை ஒலிபெருக்கியில் சொல்லுவதைவிட, தெருவுக்கு ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் நம்பிக்கை பிறக்கும்.

இவையெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்கள் தூரதேசம் போகவேண்டாம். நம் யூனியனிலேயே குத்தம்பாக்கம் இருக்கிறது. இரசாயனப் பொறியியல் படித்த இளங்கோ அவர்கள் 1996இல் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பத்தாண்டுகள் பணியாற்றினார். ஊரின் தேவைகளைக் கிராம சபையில் வைத்து ஐந்தாண்டுத் திட்டம் தீட்டினார். அவ்வூர்ச் சமத்துவபுரத்தில் ஒரே சுவரை இருபுறமும் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் கட்டி, தாழ்த்தப்பட்டோர் குடும்பமும் பிற வகுப்பார் குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் குடியேறினர். உள்ளூர் மண்ணைக் கொண்டே அழுத்தக் கற்கள் செய்தனர். யாருக்கு வீடில்லை, எந்தத் தெருவில் எத்தனை பேர், எந்த மண் எதற்கு உதவும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது கைகூடும்.

காரியத்துக்கு வருவோம். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வார்டுக்கு இருவராக, அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி, இளைஞர்களைத் தேர்ந்தெடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து கிராமப் படத்தின் பிரதி ஒன்றைப் பெறுங்கள். புதிய நகர்கள், தெருக்கள், பூட்டிய அறைகள் எல்லாவற்றையும் அதில் பென்சிலால் குறியுங்கள். மை வேண்டாம், திருத்தவேண்டியிருக்கும். அதே படத்தில் ஏரி, தாங்கல், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், மதகு, கலங்கல் ஆகியவற்றை நீலத்தில் காட்டுங்கள். ஒரு கால்வாய் பாதியில் மறைந்துபோனால், மறைந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். யார் மறைத்தது என்று அப்போதே சண்டைக்குப் போகவேண்டாம். மார்ச் 22இல் கூடும் கிராம சபை தண்ணீருக்கென்றே அமைந்தது; படத்தை அதில் விரித்துவைத்துப் பேசலாம். எல்லையைப் பற்றி இரு ஊர்களுக்குள் வழக்கு இருந்தால், இரு ஊராரும் சேர்ந்து ஒரே நாளில் நடந்து பார்க்கவேண்டும்.

எல்லை நடைக்கு யூனியனிலிருந்து ஒரு நில அளவரை அனுப்பும்படி தாசில்தார் அவர்களுக்கு எழுதுகிறேன். காலை ஆறு மணிக்குள் புறப்பட்டால் வெயிலுக்கு முன் பாதி ஊரை முடித்துவிடலாம். வயதான ஆயக்கட்டுதாரர் ஒருவரையாவது உடன் அழைத்து வாருங்கள். தூர்ந்துபோன வாய்க்கால் எங்கே ஓடியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். படங்களை முடித்தவர்கள் யூனியன் ஆபீசுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம்.